பாதம் சாரின் கை

புன்னைக்குழி சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் பாதம் சாரின் கையை முதலில் உணர்ந்தவள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஷகிலா பானு. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. சுண்ணாம்புத் தூசி வேப்பமரங்களின் மேலும் துணிக்கொடிகளின் மேலும் தூங்குகிற நாய்களின் மேலும் ஒரே மாதிரி வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, வழக்கம்போல் உள்ளங்கை வியர்த்து, சொந்தப் பிறந்த தேதியையே தப்பாக அடித்துவிட்டு, மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடலாமா என்று யோசித்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தோளில் அமர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், கையும் கூடவே வந்து கூடவே திரும்பியது. பக்கம் பக்கமாக முடித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும், கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல் அந்தக் கை தன்னை மெதுவாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை ஷகிலா ஆலை டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே நர்ஸாக இருந்த தில்லைநாயகி பாதம் சாரின் மனைவி. சார் இறந்தது பொங்கல் கழிந்த வாரத்தில்.

"சிஸ்டர், நேத்து சார் எங்க வீட்டுக்கு வந்திருந்தாரு."

மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த தில்லைநாயகி கையை நிறுத்தவில்லை. "சாப்பிட்டாரா?"

"இல்ல சிஸ்டர். கை மட்டும்தான் வந்துச்சு."

"எந்தக் கை?"

"வலது கை. சுண்டுவிரல் வளைஞ்சிருந்துச்சு."

"அப்ப அவர்தான்" என்றாள் தில்லைநாயகி. ஷட்டரில் மாட்டி வளைந்த விரல் அது. மிச்சக் குப்பிகளையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவருடைய முழுப்பெயர் குஞ்சிதபாதம். சிதம்பரத்து நடராஜர் தூக்கிய காலின் பெயர். குடியிருப்பில் யாருக்கும் அது வாயில் முழுசாக நுழையாததால் பாதம் சார் ஆகிவிட்டார். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் கிளார்க். வரிச் சட்டம் அவருக்கு மற்றவர்களைவிட ஒன்றும் கூடுதலாகத் தெரியாது, தெரிந்ததாக அவரும் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் ஆனி மாதக் காற்றோடு சேர்ந்து அந்தக் குடியிருப்புக்கு ஒரு பயம் வரும். சுரங்கத்தில் வெடி வைக்கிறவர்கள், சூளையின் வாய்க்கு எதிரே நின்று வேர்க்காமல் வேலை செய்கிறவர்கள், கடல் இருந்த காலத்துச் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கிற ஆழத்துக்கு லாரியை இறக்குகிறவர்கள், எல்லாரும் அந்தக் கட்டம் கட்டமான திரையின் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு உலர்ந்துபோவார்கள். ஒரு கட்டம் தப்பினால் நோட்டீஸ் வரும், நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, தெரியாததுதான் பெரிய பயம். அப்போது பாதம் சாரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து குடையை மாட்டுவார். வீட்டுக்காரரைத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். காகிதங்களை எல்லாம் முதலில் மேசையில் பரப்பச் சொல்வார், பரப்பிய பிறகுதான் கணினியைத் திறக்க விடுவார். பிறகு பின்னால் நின்று தோளில் கையை வைத்துக்கொண்டு, "இந்த ஒரு பக்கத்த மட்டும் பாருங்க. அடுத்த பக்கம் இன்னும் பொறக்கவே இல்ல" என்பார். அவ்வளவுதான் அவர் செய்தது. விசைப்பலகையை ஒருநாளும் அவர் தொட்டதில்லை.

அந்த வருடமும் அவ்வளவுதான் செய்தார். ஷகிலாவுக்கு அடுத்து பேக்கிங் பிரிவுக்காரர் ஒருவர், அவருக்கு அடுத்து பள்ளிக்கூடத்து டீச்சர்கள், பிறகு வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக. கை வந்தது, இருந்தது, போனது. குடியிருப்பு அதை மழையை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்ட கையோடு அதற்கு விதிகளும் செய்ய ஆரம்பித்தது. பழைய வரிமுறையில் போடுகிறவர்களுக்கு இடது தோளிலும் புதிய வரிமுறையில் போடுகிறவர்களுக்கு வலது தோளிலும் கை உட்காருகிறது என்று கேன்டீனில் பேச்சு வந்தது. அப்படியென்றால் சார் புதியதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் என்று ஒரு கட்சியும், அதெல்லாம் இல்லை, பழையதைத்தான், இதயம் இருக்கிற பக்கம் இடது பக்கம் என்று இன்னொரு கட்சியும் டீ ஆறுகிறவரை சண்டை போட்டன. முதுகு உயர்ந்த நாற்காலிகள் கைக்கு இடைஞ்சல் என்று எல்லாரும் ஸ்டூலுக்கு மாறினார்கள். மாதா கோயில் ஃபாதர், அது நல்ல ஆவிதான், ஆனாலும் முதலில் சிலுவை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளையார் கோயில் குருக்கள் தானே ஒருநாள் மத்தியானம் தாக்கல் செய்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் உட்கார்ந்தால் சாருக்குச் சிரமம் என்று, நலச்சங்கத்துச் செயலாளரும் கிரேன் ஆபரேட்டருமான சவரிமுத்து வீட்டுக்கு ஒரு நேரம் ஒதுக்கிப் பலகையில் எழுதிப் போட்டார். ஜூலை மாதத்தில் வழக்கமாக எகிறுகிற ரத்த அழுத்தங்கள் எல்லாம் அந்த வருடம் பச்சைப் பிள்ளைகளுடையதுபோல் இறங்கிக் கிடந்தன. தில்லைநாயகி பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, இந்தத் தோளில் வைத்திருக்கிறார், இந்தத் தோளிலும் வைத்திருக்கிறார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சூளைப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டு, மகனுக்கு ஆலை கொடுத்த வீட்டில் தனியாகக் காலம் தள்ளும் துரைக்கண்ணு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய அவசியமே இல்லாதவர். மகன் வெளிநாட்டு ஆலைக்கு அனுப்பப்பட்டிருந்தான், மனைவி இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவரும் எல்லாக் கட்டத்திலும் சைபர் போட்டு ஒரு கணக்குத் தாக்கல் செய்தார். அடுத்த வாரம் அதைத் திருத்தி இன்னொன்று தாக்கல் செய்தார். அதற்கடுத்த வாரம் அதையும் திருத்தினார். சைபரில் திருத்த என்ன இருக்கிறது என்று சவரிமுத்து கேட்டதற்கு, "ஒரு சைபர் கோணலா இருந்துச்சு" என்றார்.

நன்றி சொல்ல எல்லாரும் தில்லைநாயகியிடம்தான் வந்தார்கள். முருங்கைக்காயும் பணியாரமும் ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப்பும் வந்தன. "சார் அப்படியே இருக்காரு சிஸ்டர்" என்றார்கள், வெளியூரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்களைப்போல. அவள் எல்லாவற்றையும் வாங்கிவைத்தாள். எல்லாரையும் கேட்டாள். உள்ளங்கை சூடாக இருந்ததா, நகம் வெட்டியிருந்ததா, சட்டைக்கை மடித்திருந்ததா. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், புடவை முந்தானையைத் தோளோடு சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வைத்தாள், வருகிற கையைக் குத்திவிடக் கூடாதே என்று. தன்னுடைய கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். காகிதங்களைப் பரப்பினாள். காத்திருந்தாள். ஷிஃப்ட் சங்கு ஊதியது, லாரிகள் போயின, ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறி உத்திரத்தைத் தொட்டு மங்கியது. தோளில் தூசிதான் படிந்தது. மறுநாள் உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மரத்துப்போக ஊசி போடாமல் காயத்துக்குத் தையல் போடுகிறதுபோல, ஒவ்வொரு கட்டமாகத் தானே நிரப்பி முடித்தாள். ஊரில் இருக்கிற தோளெல்லாம் தோள், என் தோள் மட்டும் என்ன என்று அவருடைய குடையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

ஜூலை பாதியில் கை நடுங்க ஆரம்பித்தது.

"கொஞ்சம் நடுங்குச்சு சிஸ்டர். சில்லுனும் இருந்துச்சு" என்றார் சவரிமுத்து. "அலைச்சல்தான் காரணமா இருக்கும்."

குடியிருப்பு அதையும் ஏற்றுக்கொண்டது. வெயில் கொளுத்துகிற ஜூலையில், தாக்கல் செய்ய உட்காருகிறவர்கள் தோளில் கம்பளித் துண்டைப் போட்டுக்கொண்டார்கள், கைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று. ஷகிலா பின்னிய மப்ளர் ஒன்று வீடு வீடாகச் சுற்றியது.

துரைக்கண்ணுவின் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. கட்டு மாற்றுவதற்காக ஒருநாள் மத்தியானம் தில்லைநாயகி அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மப்ளரும் தானுமாக அடுத்த திருத்தத்தில் உட்கார்ந்திருந்தார். மப்ளர் ஒரு இடத்தில் அமுங்கியிருந்தது, ஒரு கையளவுக்கு. அவள் பையைக் கீழே வைத்தாள். அந்தப் பள்ளத்துக்குப் பின்னால், மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விரல்களை வைத்தாள். மணிக்கட்டு இருந்தது. நாடி இல்லை. நடுக்கம் மட்டும் இருந்தது, ஈரமும். அந்த நடுக்கத்தை அவளுக்குத் தெரியும். விபத்தில் அடிபட்டுக் கொண்டுவரப்படுகிறவர்களில் சிலர், என்ன நடந்தது என்றே தெரியாமல், ஷிஃப்ட் எப்போது முடியும், சாப்பாட்டுத் தூக்கை யார் எடுத்துவைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்; அவர்களுடைய கை இப்படித்தான் நடுங்கும்.

"என்னங்க" என்றாள்.

கை ஒரு கணம் நின்றது. பிறகு அவளை அடையாளம் தெரியாததுபோல, துரைக்கண்ணுவின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அவர் "ஸ்ஸ்" என்று வலியில் நெளிந்தார், ஆனாலும் நகரவில்லை.

அந்த வாரமே ஓசூரிலிருந்து மகள் சிவகாமி போன் செய்தாள். "அம்மா, அப்பாவோட கணக்கையும் நாமதான் போடணும். வாரிசுன்னு உன் பேர்ல அனுமதி வந்தாச்சு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள போட்டுரும்மா. நான் வேணா இங்கேருந்தே போட்டுடவா?"

"வேணாம். நானே போடுறேன்."

இது எப்படியோ பலகைக்குத் தெரிந்து, பலகையிலிருந்து கேன்டீனுக்குத் தெரிந்து, சாயங்காலம் சங்கத்தார் அவள் வீட்டுக்கு வந்தார்கள். சவரிமுத்து முன்னால், துரைக்கண்ணு கடைசியில். உட்காரச் சொல்லியும் யாரும் உட்காரவில்லை.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் சவரிமுத்து. "சாரோட கணக்க இப்ப போட வேணாம்."

"ஏன்?"

"அதுல ஒரு கேள்வி இருக்குல்ல. தாக்கல் பண்றது அவரேவா, இல்ல இறந்தவரோட வாரிசான்னு. நீங்க வாரிசுன்னு போட்டீங்கன்னா அதோட முடிஞ்சிருச்சு. இப்ப வரைக்கும் சார் கணக்கு முடியாத ஆளு. அதான் நம்ம கூட இருக்காரு. இன்னும் பாதி வீடு போடல. அடுத்த வருஷம் இருக்கு, அதுக்கடுத்த வருஷம் இருக்கு. தாமதமானா வர்ற அபராதத்த சங்கம் பாத்துக்கும்."

"நீங்க நல்லா தூங்குறீங்களா அண்ணே?"

"இந்த வருஷம்தான் நல்லா தூங்குறேன்."

"அவர் தூங்கல."

அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து துரைக்கண்ணு சொன்னார்: "சிஸ்டர், என்னைத் தொடுற கை அது ஒண்ணுதான்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். யோசிக்கவும் செய்தாள். முடிக்காமல் விட்டால் அவர் இருப்பார். தன் தோளுக்கு வராவிட்டாலும் அடுத்த தெருவில் இருப்பார், யாராவது வந்து இன்று வந்திருந்தார் என்று சொல்வார்கள், நகம் வெட்டியிருந்ததா என்று கேட்கலாம். அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஆனால் விரல் நுனியிலிருந்து அந்த ஈரம் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாள், டெட்டால் ஊற்றிக் கழுவினாள். மருந்துக்குப்பியை எடுத்தாலும் கண்ணாடி வழுக்கியது.

முப்பத்தொன்றாம் தேதி விடுப்புப் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினியைத் திறந்து, ஏனென்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல், இன்னொரு ஸ்டூலையும் இழுத்துப் பக்கத்தில் போட்டாள். காகிதங்களைப் பரப்பினாள். அவருடைய பெயர் திரையில் வந்தது, முழுசாக, குஞ்சிதபாதம் என்று. அவளுடைய தோளுக்கு எதுவும் வரவில்லை. ஆனால் பக்கத்து ஸ்டூல் கிறீச்சிட்டது.

அவள் ஸ்டூலைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு, இடது கையை நீட்டி, அவர் உட்கார்ந்திருந்தால் தோள் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் வைத்தாள். கை அந்தரத்தில் நின்றது. பனியனுக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டது. பனியன் தெப்பலாக நனைந்திருந்தது, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வருடா வருடம் எல்லார் வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசி நாளில் அவர் தன் கணக்கைத் தனியாகப் போடுவார்; அந்தச் சமயத்தில் அவள் டிஸ்பென்சரியில் இருப்பாள்; சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் ஒரு ஈரப் பனியன் தொங்கும். வெயில் என்று நினைத்திருந்தாள்.

"நான் இருக்கேன்" என்றாள். "படிக்கிறேன், கேளுங்க."

பெயரைப் படித்தாள், முகவரியைப் படித்தாள், சம்பளத்தைப் படித்தாள். அவசரப்படாமல் கதை வாசிக்கிறதுபோல் ஒவ்வொரு வரியாக வாசித்து, சரியா என்று கேட்டு, சற்றே நிறுத்தி, அடுத்ததற்குப் போனாள். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்தக் கேள்வி வந்தது. அவள் வாசிக்கிறதை நிறுத்தியதுமே தோள் மறுபடி துடித்தது, நோட்டீஸ் வந்துவிட்டது என்பதுபோல.

நர்ஸாக இருந்த இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் அவள் அந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறாள். பொங்கல் கழிந்த வாரத்தில் மகளிடம் சொன்னாள், சிதம்பரத்து நாத்தனாரிடம் சொன்னாள், சங்கத்தில் சொன்னாள், அடக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். ஒரே ஒருவரிடம்தான் சொல்லவில்லை.

"என்னங்க, இதுல யார் தாக்கல் பண்றாங்கன்னு கேட்டிருக்கு. நான்தான் பண்றேன். நீங்க பண்ண முடியாது. அன்னைக்கு டைம் ஆபீஸ்ல மேசையில தலைய வச்சுப் படுத்தீங்கள்ல? அதுக்கப்புறம் நீங்க எந்திரிக்கல. தூங்குறீங்கன்னு நெனச்சு யாரும் எழுப்பல. அப்புறம் என்கிட்டதான் தூக்கிட்டு வந்தாங்க. நான்தான் பாத்தேன். மொகம் நல்லாத்தான் இருந்துச்சு, வலிச்ச மாதிரி இல்ல. நான் நெஞ்சை அமுக்கிப் பாத்தேன், ரொம்ப நேரம் பாத்தேன். டாக்டர் போதும்மான்னாரு." அவள் மறு கையால் ஒரு காகிதத்தை நேராக்கினாள். "நீங்க செத்துட்டீங்க. ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுங்க."

தோள் அசையாமல் இருந்தது, கேட்கிறவரின் தோள் அசையாமல் இருப்பதுபோல. பிறகு அந்தத் தோள் ஒரு பெருமூச்சுக்கு ஏறி, இறங்கியது. வளைந்த சுண்டுவிரல் உள்ள கை வந்து, தோளில் இருந்த அவள் கையின் மேல் படிந்தது. நடுக்கம் இல்லை. அப்படியே இருந்தது, அவள் மறு கையால் வாரிசு என்ற கட்டத்தைத் தொட்டு, போனுக்கு வந்த எண்ணை அடித்து, கடைசிப் பொத்தானை அழுத்துகிறவரை. அழுத்தியதும் அவள் கைக்குக் கீழே தோள் இல்லாமல் போய், கை மெல்ல இறங்கி ஸ்டூலில் பட்டது. பலகை காய்ந்துதான் இருந்தது. அவள் அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு உட்கார்ந்தவர்களுக்குக் கை வரவில்லை. சிலர் தட்டுத் தடுமாறித் தாக்கல் செய்தார்கள், சிலர் முடியாமல் எழுந்துபோனார்கள். சவரிமுத்து பலகையைத் துடைத்தார். மறுநாள் டிஸ்பென்சரிக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்கள், பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் பாதரசம் ஏறிய இடத்திலேயே நின்றது. முருங்கைக்காய் கொண்டுவந்தவர்கள் தூக்குகளைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஷகிலா மட்டும் போகும்போது அவள் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கடைசியாகத் துரைக்கண்ணு வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன சொல்லி அனுப்புனீங்க அவர?"

"செத்துட்டீங்கன்னு சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலையே."

பட்டையிலிருந்து காற்று இறங்கியது. வெளியே சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்க வீட்டுக்காரிக்கும் யாரும் சொல்லல சிஸ்டர். தினம் காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள வாசல்ல தண்ணி தெளிச்சிருக்கு. நானும் ஒண்ணும் கேட்டுக்கிறதில்ல, தாண்டிப் போயிருவேன்."

தில்லைநாயகி பட்டையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"எப்படிச் சொல்லணும்?" என்றார்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அப்புறம் உட்காந்து, நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே, சிஸ்டர். முப்பது வருஷத்துல ஒரு தடவகூட."

"இன்னைக்குக் கூப்பிடுங்க."

அவர் சுருட்டிய சட்டைக்கையை இறக்கிவிடாமலே எழுந்து, புண்காலை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். தில்லைநாயகி வாசலுக்கு வந்து நின்றாள். தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்க, கடைசி வீட்டு வாசல் மட்டும் கறுப்பாக நனைந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. துரைக்கண்ணு அந்த ஈரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார். செருப்பைக் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உள்ளே பார்த்து, "செங்கமலம்" என்று கூப்பிட்டார்.